வீட்டுப் பட்டறைக்கு ரூட்டர் மேசை: பலகை, பிளேட், ஃபென்ஸ் எப்படி அமைப்பது?

செந்தூல்சீவுளி எழுதியது:

அண்ணன்மாருக்கு வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் டெரஸ் வீடு. சமையலறைக்குப் பின்னால் கூரை போட்ட இடம் 8 அடிக்கு 6 அடி இருக்கிறது. மழைச்சாரல் வராது, ஆனால் ஈரக்காற்று உள்ளே வரும். அங்கேயே நிற்கிற மாதிரி ஒரு ரூட்டர் மேசை, அதாவது மரத்தில் பள்ளமும் விளிம்பும் வெட்டும் ரூட்டர் மெஷினைத் தலைகீழாகத் தொங்கவிடும் மேசை, செய்யப் போகிறேன். மேல்பலகை 900க்கு 600 மில்லி.

கையில் இருப்பது மக்கித்தா ஆர்டி0700சி டிரிம்மர், அதாவது சின்ன ரூட்டர். வருஷக் கடைசிக்குள் பெரிய ரூட்டர் ஆர்பி2301எஃப்சி வாங்கும் எண்ணம். செய்ய வேண்டிய வேலை: அலமாரி முதுகுப் பலகைக்கு ரிபேட் (விளிம்பில் வெட்டும் படி), டிராயருக்குக் காடி (நீளப் பள்ளம்), விளிம்பு உருட்டல், பிறகு முடிந்தால் பேனல் கதவு.

சந்தேகங்கள் இவை. மேல்பலகைக்கு காங்கிரீட் கொட்டப் பயன்படுத்தும் 18 மில்லி ஃபிலிம் பிளைவுட் போதுமா, இல்லை எம்டிஎஃப் (மரநார் பலகை) நல்லதா? தண்ணீர் படாத பலகை என்றால் ஃபிலிம் பிளைவுட்தான் என்று ஹார்ட்வேர் கடையில் சொல்கிறார்கள். இணையத்தில் 235க்கு 120 அளவில் டிரிம்மருக்கென்றே 8 மில்லி அலுமினிய பிளேட் (ரூட்டரை மேசையில் தொங்கவிடும் தகடு) விற்கிறார்கள், அதை வாங்கலாமா? ஃபென்ஸை (மரத்தை ஒட்டித் தள்ளும் வழிகாட்டிச் சட்டத்தை) மேசைக்கு இணையாக நிறுத்த இரண்டு பக்கமும் அளவுகோல் ஒட்ட வேண்டுமா? ரூட்டரையும் வேக்குவத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போடலாமா?

---

கெப்போங்_உளி எழுதியது:

தம்பி, முதலில் பிளேட்டை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான். பெரிய ரூட்டர் வாங்குவது உறுதி என்றால் 235க்கு 120 வேண்டவே வேண்டாம். 235க்கு 300 அளவு வாங்குங்கள். டிரிம்மரை இன்று அதில் மாட்டலாம், பெரியது வந்ததும் அதே பிளேட்டில் வேறு துளை போட்டால் போதும். சின்ன பிளேட்டுக்குப் பலகையில் குழி வெட்டிவிட்டு ஆறு மாதத்தில் அதையே பெரிதாக்குவது இரட்டை வேலை. ஓரமும் சுத்தமாக வராது.

ஆர்டி0700சி 710 வாட். காடி, ரிபேட், 9 மில்லி வரை உருட்டல் எல்லாம் செய்யும், ஒரே மூச்சில் கேட்காமல் இரண்டு மூன்று தடவையாக வெட்டினால். பேனல் கதவு பிட்டை (வெட்டும் அலகை) அதில் நினைத்தும் பார்க்க வேண்டாம். அந்தப் பிட்களின் தண்டு பெரும்பாலும் 12.7 மில்லி, டிரிம்மரின் கோலெட்டில், அதாவது தண்டைப் பிடிக்கும் வாயில், நுழையாது. பெரிய ரூட்டரிலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்ட வேண்டும். கணக்கு போட்டுப் பாருங்கள்: 80 மில்லி அகல பிட் நிமிடத்துக்கு 22,000 சுற்றில் ஓடினால் அதன் நுனி வினாடிக்கு 92 மீட்டர் போகிறது, மணிக்கு 330 கிலோமீட்டர். அதையே 10,000 சுற்றில் வைத்தால் 42 மீட்டர். 25 மில்லி வரை முழு வேகம், 50 மில்லி வரை 16,000 முதல் 18,000, அதற்கு மேல் 10,000 முதல் 12,000 என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். பிட் டப்பாவில் வேறு எண் அச்சடித்திருந்தால் அதுதான் கணக்கு.

பலகைக்கு வருவோம். ஃபிலிம் பிளைவுட் தண்ணீரைத் தாங்கும், சரி. ஆனால் நமக்கு வேண்டியது தட்டை. அது கட்டுமானத்துக்குச் செய்த பலகை. உள்ளே அடுக்குகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கும், இடையில் பொந்து இருக்கும், ஒரே தாளில் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். மேலே இருக்கும் ஃபிலிமில் பசையும் பிடிக்காது, சுரண்டி எடுத்தால்தான் ஒட்டும். கால் பெட்டிக்கும் தூள் பெட்டிக்கும் வைத்துக்கொள்ளுங்கள், மேலே வேண்டாம்.

எம்டிஎஃப் வாங்கும் அன்று கண்ணாடி மாதிரி தட்டையாக இருக்கும். நம் ஊர் ஈரத்தில் விளிம்பு ஊதும், ரூட்டர் தொங்கும் நடுப்பகுதி மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தொய்யும். பச்சை நிற ஈரம் தாங்கும் வகை ஊதுவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். மெலமைன் ஒட்டிய சிப்போர்டின் (மரத்துகள் பலகையின்) மேல்முகம் வழுவழு என்று நன்றாக இருக்கும், ஆனால் குழி வெட்டும்போது ஓரம் பொடிப்பொடியாக உதிரும், ஸ்க்ரூவும் நிற்காது.

நான் சொல்வது 18 மில்லி மரச்சாமான் தர பிளைவுட் இரண்டு துண்டு ஒட்டி 36 மில்லி, இரண்டு முகத்திலும் ஃபார்மைக்கா. 8 அடிக்கு 4 அடி தாள் ஒன்று போதும். 1220 மில்லி அகலத்தில் 605 மில்லித் துண்டு இரண்டு அரம்பம் தின்பதும் சேர்த்து அடங்கும். ஆக 910க்கு 605 என்று கொஞ்சம் பெரிதாக இரண்டு வெட்டி, ஒட்டிய பிறகு 900க்கு 600 ஆக்குங்கள். மீதி 1500 மில்லி நீளத்துக்கு மேல் நிற்கும், ஃபென்ஸும் அடிக்கட்டையும் அதிலேயே வந்துவிடும்.

ஒட்டும் முறைதான் முக்கியம். இரண்டு துண்டுமே கொஞ்சம் வளைந்திருக்கும், வளையாத பிளைவுட்டை நான் தேட மாட்டேன். நேர்கோல் வைத்துப் பார்த்து எந்த முகம் குழிவு என்று பென்சிலில் குறித்து, குழிவும் குழிவும் ஒன்றையொன்று பார்க்கும்படி ஒட்டுங்கள். ஒன்றன் வளைவை மற்றது இழுத்துப் பிடிக்கும். வெள்ளைப் பசையில் ஈரம் தாங்கும் டி3 வகை, முகம் முழுக்க ரோலரில். ஓரத்தில் மட்டும் கிளாம்ப் போட்டால் நடுவில் அழுத்தம் போகாது. நடுவில் 2 மில்லி வயிறு வைத்து இழைத்த கட்டைகளைக் குறுக்கே போட்டு இரண்டு முனையிலும் இறுக்குங்கள். வயிறு முதலில் நடுவை அழுத்தும். கீழே வைக்கும் தளம் கோணல் என்றால் அந்தக் கோணலோடேயே பலகை காய்ந்துவிடும், பிறகு யாராலும் நிமிர்த்த முடியாது. கதவுப் பலகை ஒன்றைப் படுக்க வைத்து, நான்கு மூலையையும் மட்டம் பார்த்து, அதன்மேல் ஒட்டுங்கள்.

காய்ந்ததும் சுற்றிலும் 12 மில்லி நியாத்தோ அல்லது மெராந்தி மரச் சட்டம் ஒட்டிச் சமன் செய்யுங்கள். பிளைவுட் விளிம்பு வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும். சட்டத்தையும் மூடியபடி மேலே ஃபார்மைக்கா வர வேண்டும். காண்டாக்ட் பசையை இரண்டு பக்கமும் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காய விட வேண்டும், நம் ஊர்க் காற்றில் கால் மணி நேரமாவது. ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் பின்னால் கொப்புளம் எழும். தொட்டால் தொட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும் என்பதால் இடையில் மெல்லிய குச்சிகளைப் பரப்பி, நடுவிலிருந்து ஒவ்வொன்றாக உருவுங்கள். அடிமுகத்துக்கும் அதே நாளில் ஒட்டிவிடுங்கள். மேலே மட்டும் ஒட்டினால் அடிமுகம் ஈரத்தை இழுக்கும், மேல்முகம் இழுக்காது, பலகை மேல்நோக்கிக் குழியும். 'பிளைவுட் மோசம்' என்று பலர் திட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு தவறைத்தான்.

கீழே இரண்டு கடினமரச் சட்டம், 80 மில்லி உயரம், பிளேட் குழிக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக. கால் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆடாமல் இருந்தால் சரி.

இப்போது குழி. பென்சிலால் கோடு போட்டு வெட்டுவது வேலைக்காகாது. பிளேட்டையே பலகையில் வைத்து, 18 மில்லி எம்டிஎஃப் பட்டை நான்கைச் சுற்றி நெருக்கி, இருபக்க டேப்பால் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இடையில் இரண்டு தாள் காகிதம் விட்டால் பிளேட் பிதுங்காமல் இறங்கும். பிளேட்டை எடுத்துவிட்டு, தண்டுப்பக்கம் பேரிங் உள்ள நேர் பிட்டால் சுற்றி வாருங்கள். வெட்டும் நீளம் 12 மில்லி போதும். ஏன் பட்டை 18 மில்லி என்றால், மெல்லிய பட்டையில் முதல் 3 மில்லி வெட்டும்போது பேரிங் பட்டையைத் தொடாமல் காற்றில் நிற்கும், பிட் பட்டையையே தின்றுவிடும்.

மூலை: பிட்டின் ஆரம் பிளேட் மூலையின் ஆரத்துக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். 19 மில்லி பிட் 9.5 ஆரம் விடும். பிளேட் மூலை அதைவிடக் கூர்மை என்றால் பிளேட் உட்காராது, உளி எடுக்க வேண்டி வரும். ஆழம் பிளேட் தடிமனுக்கு அரை மில்லி கூடுதல், அதாவது 8.5. மூன்று தடவையாக. பிறகு உள்ளே 15 மில்லி விளிம்பு விட்டு, மூலைகளில் துளை போட்டு ஜிக்சாவால் நடுவை எடுங்கள். எடுப்பதற்கு முன் அட்டையில் அதே அளவு ஓட்டை வெட்டி, ரூட்டரைக் கைப்பிடியோடு நுழைத்துப் பாருங்கள். பலகையை வெட்டிய பிறகு நுழையவில்லை என்று தெரிவது வேதனை.

மட்டம் பார்க்க பிளேட்டில் தலையில்லா ஸ்க்ரூ இருக்கும். அதன் நுனி பிளைவுட்டில் நேராக அமர்ந்தால் அதிர்வில் மெல்லக் குழிந்து இறங்கும். அந்த இடங்களில் தட்டைத்தலை ஸ்க்ரூ ஒன்றை விளிம்பில் பதித்து, இரும்பின் மேல் இரும்பு உட்காரட்டும். நான்கு மூலை போதாது, நீளப் பக்கங்களின் நடுவிலும் ஒவ்வொன்று.

ஃபென்ஸ் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

---

பாயான்லெப்பாஸ்_மின் எழுதியது:

கெப்போங் அண்ணன் சொன்னதில் மாற்றம் இல்லை. மின்சாரமும் பிட் பிடிப்பும் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஆர்பி2301எஃப்சி 2100 வாட். 230 வோல்ட்டில் 9.1 ஆம்பியர். வேக்குவம் 1200 வாட் என்றால் 5.2. கூட்டினால் 14.3, நம் மூன்று முனை பிளக்கின் ஃபியூஸ் 13. ஆக ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டும் கூடாது. கொஞ்ச நேரம் ஓடும், ஃபியூஸ் உடனே போகாது, அதுதான் ஆபத்து, ஏனென்றால் பிளக்கும் சாக்கெட்டும் அந்த நேரமெல்லாம் சூடேறிக்கொண்டிருக்கும். பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். தனித்தனிச் சுவர் சாக்கெட்டில் போடுங்கள். நீட்டிப்பு தேவை என்றால் 1.5 சதுர மில்லி மூன்று கோர், சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளது, சுருளை முழுக்க அவிழ்த்துவிட்டு. சுருட்டியபடி சுமை கொடுத்தால் நடுவில் உருகும். பின்பக்கம் புது சாக்கெட் வேண்டுமானால் சுருஹான்ஜாயா தெனாகாவில் (மலேசிய எரிசக்தி ஆணையத்தில்) பதிவுள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். திறந்த இடம், ஈரத்தரை, எனவே அந்த லைன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கு (மின் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்சுக்கு) பின்னால் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசையில் மாட்டினால் ரூட்டரின் சொந்த சுவிட்ச் கைக்கு எட்டாது. பலரும் அதை லாக் செய்து வைத்துவிட்டு சுவர் சுவிட்சில் ஓட்டுகிறார்கள். இடி மழையில் கரண்ட் போய்த் திரும்ப வரும்போது யாரும் தொடாமலேயே பிட் சுற்றத் தொடங்கும். அதற்காகத்தான் கரண்ட் போனால் தானாக விழுந்துவிடும் காந்த சுவிட்ச். பச்சை, சிவப்பு பொத்தானோடு, சிவப்பின் மேல் மூடி வைத்து வரும். மேசையின் முன்பக்கம் இடது தொடை உயரத்தில் பொருத்தினால் இரண்டு கையிலும் மரம் இருக்கும்போது முழங்காலாலேயே நிறுத்தலாம்.

பிட் தண்டு: நம் கடைகளில் 6 மில்லியும் கால் அங்குலமும், அதாவது 6.35, கலந்து கிடக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 6 மில்லித் தண்டைக் கால் அங்குலக் கோலெட்டில் போட்டால் இறுகுவது போலவே இருக்கும், சுமை ஏறும்போது வழுக்கி மேலே ஏறும், காடி ஆழமாகிக்கொண்டே போகும். 12க்கும் 12.7க்கும் இதே கதை. வெர்னியர் வைத்து அளந்து, தண்டில் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். பிட்டை அடிவரை தள்ளி, பிறகு 2, 3 மில்லி மேலே இழுத்து இறுக்குங்கள். அடியில் முட்டியபடி இறுக்கினால் கோலெட் கீழே இறங்க இடமில்லாமல் பிடிப்பு குறையும்.

தள்ளும் திசை: தலைகீழாகத் தொங்குவதால் மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஃபென்ஸ் பிட்டுக்குப் பின்னால், மரம் வலமிருந்து இடம். மாற்றித் தள்ளினால் பிட் மரத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும், கை பின்னாலேயே போகும். இன்னொன்று, பிட்டுக்கும் ஃபென்ஸுக்கும் இடையில் மரத்தைச் செருகித் தள்ளவே கூடாது. அகலமான காடியை இன்னும் கொஞ்சம் அகலமாக்க ஃபென்ஸை முன்னால், பிட்டை நோக்கி நகர்த்தும்போது தெரியாமல் இதுதான் நடக்கும், ஏனென்றால் பிட்டின் முன்பக்கம் வெட்ட வேண்டியதை இப்போது பின்பக்கம் வெட்டுகிறது. வளைவான துண்டை ஃபென்ஸ் இல்லாமல் பேரிங்கில் உருட்டுவது என்றால் பிளேட்டில் தொடக்க ஊசி இருக்க வேண்டும், மரத்தை முதலில் ஊசியில் சாய்த்துப் பிறகு பிட்டுக்குக் கொண்டு போங்கள். கையுறை வேண்டாம். காதுக்கு மூடி வேண்டும், டெரஸ் வீட்டில் பக்கத்துச் சுவரோடு மேசையை ஒட்டாமலும் இருங்கள்.

---

மரத்தூள்_பட்டர்வொர்த் எழுதியது:

ஃபென்ஸ் இணையாக இருக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். டேபிள் சா எனும் மேசை அரம்பத்துக்கு வேண்டும், ரூட்டருக்கு வேண்டாம். அரம்பத்தின் பிளேடு நீளமான தட்டு, ஃபென்ஸ் கோணினால் மரம் இடையில் நெருங்கும். பிட் உருளை. ஃபென்ஸ் எந்தக் கோணத்தில் நின்றாலும் பிட்டுக்கும் அதற்கும் உள்ள தூரம் ஒன்றே. எனவே அளவுகோல் இரண்டு, மைக்ரோ திருகு இரண்டு என்று காசைக் கொட்டாதீர்கள்.

இதில் லாபமும் உண்டு. இடது முனையை ஒரு போல்ட்டில் அசையாமல் நிறுத்தி, வலது முனையை மட்டும் நகர்த்துங்கள். பிட் நடுவில் இருந்தால் முனை 1 மில்லி நகரும்போது பிட்டில் அரை மில்லிதான் மாறும். கால் மில்லி வேண்டுமானால் முனையில் அரை மில்லி. ஃபென்ஸுக்குப் பின்னால் ஒரு கட்டையைக் கிளாம்ப் செய்து, இடையில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய) தகடு வைத்துத் தள்ளினால் அதற்கு மேல் துல்லியம் யாருக்கும் வேண்டாம்.

ஆனால் ஃபென்ஸ் முகம் மேசைக்கு 90 பாகையில் நிற்பது முக்கியம். 18 மில்லி பிளைவுட்டில் 900 நீளம், 100 உயரம், கீழ்ப்பலகையும் அதே மாதிரி, எல் வடிவம். பின்னால் முக்கோணக் கட்டை நான்கு, நடு இரண்டும் தூள் குழாய்க்கு இருபுறமும். ஒட்டும்போது மூலை மட்டத்தை மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். உயரம் நெடுக 0.2 மில்லி சாய்ந்தாலும் நிமிர்த்தி வெட்டும் துண்டில் அப்படியே தெரியும். முன்முகம் இரண்டு துண்டாகப் பிரிந்து பக்கவாட்டில் நகர வேண்டும், பிட்டின் இருபுறமும் 3 மில்லி இடைவெளி விட்டு நெருக்க முடிகிற மாதிரி. பெரிய ஓட்டை விட்டால் குட்டித் துண்டின் முனை உள்ளே விழுந்து கடிபடும். முகத்தின் அடியில் 3 மில்லி சாய்வெட்டு எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூள் அடியில் சேர்ந்து மரத்தைத் தள்ளிவைக்கும், அளவு தவறிப்போகும், காரணம் தெரியாமல் பிட்டைக் குறை சொல்வோம்.

மேல்பலகையில் மைட்டர் காடி (குறுக்குவெட்டுக் கருவி ஓடும் பள்ளம்) வெட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதை வெட்டிவிட்டால் ஃபென்ஸ் அதற்கு இணையாக நிற்க வேண்டும் என்ற தலைவலி புதிதாக வரும். அதோடு, அவ்வளவு பாடுபட்டு ஒட்டிய ஃபார்மைக்காவைக் கிழித்து ஈரத்துக்கு வாசல் திறப்பதும் ஆகும். குறுக்குமுனை வெட்ட ஃபென்ஸை ஒட்டித் தள்ளும் சதுரக் கட்டை ஒன்று போதும், பின்னால் மரம் பிய்ந்து போவதையும் அதுவே தடுக்கும். டி-டிராக் (போல்ட் நகரும் உலோகக் காடி) வேண்டுமானால் ஃபென்ஸின் முகத்தில் மேலோரமாக வையுங்கள், ஃபெதர்போர்டுக்கும் (மரத்தை அழுத்திப் பிடிக்கும் சீப்புக் கட்டை) நிறுத்துக் கட்டைக்கும் அங்கேதான் தேவை.

தூள்: மேலே ஃபென்ஸில் ஒரு வாய், கீழே ரூட்டரைச் சுற்றிப் பெட்டி, இரண்டும் ஒரு ஒய் குழாயில். ரிபேட்டில் தூள் ஃபென்ஸ் பக்கம் பறக்கும், காடி வெட்டும்போது கீழேயும் மரத்துக்குள்ளேயும் நிற்கும். மேல் வாய் மட்டும் இருந்தால் காடியில் பாதிகூட எடுக்காது. பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிடாதீர்கள். மோட்டார் தன் பின்முனையால் காற்றை இழுத்துத் தன்னைக் குளிரவைக்கிறது, தலைகீழாக மாட்டியதும் அந்த முனை பெட்டியின் அடியில் போகும். அங்கே ஒரு கையளவு திறப்பு விடுங்கள், அது வேக்குவத்துக்கும் காற்று கொடுக்கும். எம்டிஎஃப் வெட்டும் நாளில் முகமூடி கட்டாயம், அந்தத் தூள் மாவு மாதிரி, கண்ணுக்குத் தெரியாமலே நிற்கும்.

கடைசியாக ஈரம். எங்கள் பக்கம் கடல்காற்று, உங்கள் பக்கம் மழை, இரண்டும் ஒன்றுதான். பிட்டையும் கோலெட்டையும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். மேசை வழுக்க மெழுகு தேயுங்கள், சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அது மரத்தில் ஒட்டிக்கொண்டால் பின்னால் வார்னிஷ் மீன்கண் மாதிரி விலகி விலகி நிற்கும். ரப்பர் மரப் பலகை வாங்கினால் போரான் மருந்து ஏற்றியதா என்று கேளுங்கள். மருந்து ஏறாத ரப்பர் மரத்தை வண்டு தின்னும்.

---

செந்தூல்சீவுளி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. 235க்கு 300 பிளேட், 36 மில்லி பலகை, மைட்டர் காடி இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு கேள்வி மட்டும். ஒன்று, வந்த பிளேட்டில் ஆர்டி0700சிக்குத் துளை பொருந்தவில்லை என்றால் நானே எப்படிப் போடுவது? இரண்டு, லிஃப்ட் (ரூட்டரை ஏற்றி இறக்கும் கருவி) வாங்காமல் உயரம் மாற்ற வழி உண்டா?

---

கெப்போங்_உளி எழுதியது:

துளை: டிரிம்மரின் கறுப்புப் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி, அதையே மாதிரியாக வைத்து இருபக்க டேப்பால் பிளேட்டில் ஒட்டிக் குறிக்கலாம். எந்த முகத்தை ஒட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். பிளேட்டின் அடிமுகத்தில் ஒட்டுவதானால், ரூட்டர் உட்காருவது போலவே, மரத்தைத் தொடும் முகம் பிளேட்டைப் பார்க்க வேண்டும். மாற்றி ஒட்டினால் துளைகள் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும், ரூட்டரின் துளைகளோடு சேராது. நடுவைப் பிடிக்க, கோலெட்டில் வி-பிட் ஒன்றைத் தலைகீழாக இல்லாமல் சரியாக மாட்டி, அதன் கூர்முனை பிளேட்டில் குறித்த நடுப்புள்ளியில் இறங்குகிறதா என்று மெஷினை முழுதாக வைத்து ஒருமுறை பாருங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு.

பழைய ஸ்க்ரூ 8 மில்லி பிளேட்டுக்கு நீளம் போதாது. ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதே மரை, 6 மில்லி நீளம் கூடுதல், சாய்தலை என்று கேட்டு வாங்குங்கள். மில்லி அளவு ஸ்க்ரூவின் தலைச்சாய்வு 90 பாகை, தலை அமரக் குழி போடும் கவுண்டர்சிங்க் பிட்டும் 90 பாகைதான் வேண்டும். கடையில் 82 பாகையும் கிடைக்கும், அது அங்குல ஸ்க்ரூவுக்கு. தலை மேல்முகத்துக்குக் கால் மில்லி கீழே போக வேண்டும், சமமாக நின்றாலே போகப்போக மரத்தைக் கீறும்.

---

மரத்தூள்_பட்டர்வொர்த் எழுதியது:

உயரம்: ஆர்டி0700சியில் நெம்புகோலைத் தளர்த்தி, பக்கத் திருகைச் சுற்றினால் மோட்டார் ஏறி இறங்கும். தலைகீழாக இருப்பதால் தளர்த்தியதும் எடை கீழே இழுக்கும், ஒரு கை அடியில் இருக்கட்டும். வேண்டிய உயரத்துக்கு எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே வந்து நில்லுங்கள். மேலே போய்விட்டுக் கீழே இறக்கி நிறுத்தினால் பல்லில் உள்ள ஆட்டம் ஓடும்போது இறங்கும். நெம்புகோலை இறுக்கும்போதே உயரம் கொஞ்சம் நகரும், ஆகவே இறுக்கிய பிறகு அளந்ததுதான் அளவு.

பெரிய ரூட்டர் வந்ததும் அதன் ஸ்பிரிங் உங்களுக்கு எதிரியாகும், ரூட்டரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். கையேட்டில் எப்படிக் கழற்றுவது என்று பார்த்துக் கழற்றுங்கள். அதன் அடியில் காரின் கத்தரி ஜாக்கி ஒன்றை வைத்துச் சுற்றினால் லிஃப்ட்டே தேவையில்லை. வெட்டுமுன் ரூட்டரின் சொந்தப் பூட்டைப் போட மறக்கக் கூடாது, ஜாக்கி தாங்குகிறதே என்று விட்டால் அதிர்வில் அசையும்.

எல்லாம் பூட்டியதும் முதலில் 900 மில்லி நீளத்தில் ஒரு சட்டத்தில் 6 மில்லி ஆழக் காடி ஓட்டிப் பாருங்கள். வெர்னியரின் ஆழக் குச்சியால் இரு முனையிலும் நடுவிலும் அளங்கள். முனைகள் 6.0, நடு 5.8 என்று வந்தால் பிளேட் சுற்றுப்பலகையைவிடத் தாழ்ந்திருக்கிறது: நீளச் சட்டம் அந்தப் பள்ளத்தைப் பாலம் மாதிரி தாண்டுகிறது, முனைகள் மட்டும் உள்ளே இறங்குகின்றன. நடு ஸ்க்ரூ இரண்டையும் கால் சுற்று ஏற்றிவிட்டு இன்னொரு சட்டம் ஓட்டுங்கள். முன்முனை பிளேட் ஓரத்தில் இடித்து நின்றால் ஏற்றியது அதிகம்.